ஸ்பூன் வைக்காத இலை

விழுப்புரம்,
27.1.2025

அன்பு மகள் வெனிலாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆஸ்வினும் சுகமாக இருக்க தினமும் செபம் சொல்கிறேன். போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் கடிதம்.

எதிர்வீட்டு அன்புச்செல்வி ரயிலில் திண்டிவனத்துக்கு வேலைக்கு வருகிறாளே, அவளிடம் இரண்டு பெரிய பாக்கெட் டயப்பர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். "இருக்கறதுலயே ஒசத்தியானது குடும்மா, எம்பேரனுக்கு" என்று கடையில் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டு வாங்கியது. உன் மாமியார் கண்ணில் படுகிற மாதிரி வை.

அடுத்த மாதம் 16ஆம் தேதி பேரன் ஞானஸ்நானத்துக்குப் புது வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. அங்கே எல்லோரும் என்னை நகராட்சி ஆபீசில் இருப்பவன் என்றுதான் நினைக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். நான் குப்பை பிரிப்பதைப் பற்றி வாயைத் திறக்காதே.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா அமிர்தசாமி

திண்டிவனம்,
30.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபப்படாதீர்கள். பாக்கெட் இரண்டையும் அன்புச்செல்வி அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆஸ்வினுக்குத் துணி டயப்பர்தான் கட்டுகிறேன். பட்டன் வைத்தது, துவைத்துக் காயவைத்து மறுபடி கட்டலாம். மாடிக் கொடி முழுக்க அதுதான். "இன்னா வெனிலா, டயப்பர் வாங்க வக்கில்லாத வூடுன்னு தெருவுல நெனைச்சிக்கப் போறாங்க" என்று அத்தை தினமும் முணுமுணுக்கிறார். மண் கெடும், தண்ணீர் கெடும் என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறார்.

உண்மைக் காரணம் அதுமட்டும் இல்லையே அப்பா. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்று, குப்பைக் குவியலிலிருந்து ஊறிப்போன டயப்பர்களைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். "இத மட்டும் மக்கறதுலயும் சேர்க்க முடியல, மக்காததுலயும் சேர்க்க முடியல பாப்பா" என்றீர்கள். எத்தனை முறை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை என்று அன்று முதல் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தீர்கள்.

என் கல்யாணப் பந்தியிலும் ஸ்பூன்தான். "ஆபீசருங்க அப்பிடித்தான் சாப்புடுவாங்க" என்று அத்தை இன்றும் எல்லோரிடமும் பெருமையடிக்கிறார். கேட்கும்போதெல்லாம் நான் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

பாசமுள்ள மகள்,
வெனிலா

விழுப்புரம்,
3.2.2025

வெனிலாவுக்கு,

தெருவே பார்க்க அன்புச்செல்வி பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மானமே போயிற்று.

நீ இருப்பது திண்டிவனத்தில். உன் பிள்ளை துணி கட்டினால் விழுப்புரத்தில் என் வேலை எப்படிக் குறையும்? தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் வேலை அங்கே தெரிந்தது என்றால் ஞானஸ்நானத்துக்கு வர மாட்டேன். பேரனைக் கையில் ஏந்தும் ஆசை எனக்கு இல்லையா? ஆனால் அத்தனை பேர் என் கையையே பார்ப்பார்களே, அதை என்னால் தாங்க முடியாது.

அப்பா

திண்டிவனம்,
12.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று வந்த உறவுக்காரர்கள் முன்னால் அத்தை துணியைக் கேலி செய்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பா ஆபீஸ்ல இல்ல அத்தை. ஊரு போடற குப்பையைக் கையால பிரிக்கிறாரு. அந்தக் கைதான் என்னைப் படிக்க வச்சிது. எம்புள்ளையோடது எதுவும் அந்த மாதிரி ஒரு கைக்குப் போவக்கூடாது" என்றேன். அத்தை எழுந்து மாடிக்குப் போய்விட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில், பனி இறங்குமுன் கொடித் துணியெல்லாம் எடுத்து, மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அதுவரை அவற்றை அவர் தொட்டதே இல்லை. "அப்ப அந்த ஸ்பூனு?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம அவரு எலையில ஸ்பூன் வைக்காத. நானே பரிமாறுறேன்" என்றார்.

உங்கள் வேலை எப்படிக் குறையும் என்று கேட்டிருந்தீர்கள். திண்டிவனத்திலும் ஒருவர் பிரிக்கிறார் அப்பா. அவர் வீட்டிலும் ஒரு ஸ்பூன் இருக்கும். எனக்கு உங்களை நினைத்து வெட்கம் ஒருநாளும் வந்ததில்லை. வாருங்கள்.

உங்கள் வெனிலா

விழுப்புரம்,
17.2.2025

என் தங்கத்துக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் மாமியார் இருதயசெல்வி அம்மாளுக்கு என் தோத்திரம் சொல். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தறேன், நல்லா பெசஞ்சி சாப்புடுங்க சம்மந்தி" என்றாரே, அப்போது நான் தலையை நிமிர்த்தாததற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். கண் கலங்கியிருந்தது. கையால் சோறு தின்று எத்தனை வருடம் ஆயிற்று! ஆஸ்வினும் அந்தக் கையின் விரலைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

இன்று காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். முதல் மூட்டையை அவிழ்த்ததும் டயப்பர். கூட வேலை செய்கிற சவுரியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். நான் நிமிர்ந்து நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்: "திண்டிவனத்துல இத பிரிக்கறவங்க கைக்கு எம்பேரனுது ஒண்ணு கூடப் போவாது, தெரிமா!"

கர்வமுள்ள அப்பா,
அமிர்தசாமி
குப்பை பிரிப்பவர், விழுப்புரம்