அஷ்டமியில் திருகாத நட்டு

டாக்குரியா, கொல்கத்தா
மகாளயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை

என் செல்ல மாதங்கிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். என் இடது காலைத் தவிர இங்கு மற்றெல்லாம் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் தலை முதல் கால் வரை சுகமாக இருக்க வேண்டும், அதிலும் காலுக்காக நான் தனியாக வேண்டிக்கொள்கிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில், இரும்பு மாட்டிய காலோடு நான் எங்கே போய் ரகசியம் பேசுவது? இப்போது அவள் லேக் மார்க்கெட் போயிருக்கிறாள். கீழ் வீட்டு ஸ்னேகா பௌதி இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றிருக்கிறாள். எட்மண்டனில் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், நீ தடுத்துப் பேச முடியாது. அதற்காகத்தான் தபால்.

உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறோம். மினி பஸ் இடித்து உடைந்த எலும்பில் சீழ் வைத்தபோது, முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள். நீ அங்கிருந்து அழுதாய், அம்மா இங்கிருந்து அழுதாள், டாக்டர் ரஞ்சனைத் தேடிப் பிடித்தோம். அவர் கெட்டுப்போன எலும்பை மட்டும் வெட்டி எடுத்தார், கெண்டைச் சதையைத் திருப்பிப் போட்டுப் புண்ணை மூடினார், காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் வைத்து எலும்புக்குள்ளேயே கம்பிகளைச் செலுத்தி மாட்டினார். பிறகு மேலே நல்ல எலும்பில் ஒரு வெட்டு. அந்தத் துண்டைத் தினமும் ஒரு மில்லிமீட்டர் கீழே இழுத்துக்கொண்டே வந்தால் பின்னால் விடுகிற இடத்தில் புது எலும்பு வளர்ந்துகொண்டே வருமாம். இழுப்பதற்கு மெஷின் ஒன்றும் இல்லை, வளையத்தில் நட்டு இருக்கிறது, சின்ன ஸ்பானரால் நாளுக்கு நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். அந்த உத்தியோகம் உன் அம்மாவுக்கு.

அவளைத்தான் தெரியுமே உனக்கு. குளித்து விளக்கேற்றிவிட்டு, பூஜைத் தட்டிலிருந்து ஸ்பானரை எடுப்பாள். எஞ்சினீயர் நாகலக்ஷ்மி வந்தாச்சா என்று கேட்டால் முறைப்பாள். ராகுகாலம் என்றால் திருக மாட்டாள், தள்ளிப்போடுவாள், சில நாள் தள்ளிப்போட்டதை மறந்தும் போவாள். அஷ்டமி நவமியில் ஸ்பானரைத் தொடுவதே இல்லை. நல்ல நாழி பாத்துப் பண்ணினா எலும்பு நன்னா வளரும், அதுவும் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துக்கட்டுமே என்பாள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் பார்ப்பது மாம்பலத்துப் பெரியம்மா அனுப்புகிற காலண்டர். இங்கே சூரியன் முன்னாடியே உதிக்கிறான், உன் மாம்பலத்து ராகு ஹவுரா மெயில் பிடித்து வருவதற்குள் இங்கே ராகுகாலம் முடிந்துவிடும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்துகொண்டிருக்கிறேன். திருகினால் உயிர் போகிற வலி, அதனால் அவள் விட்ட நாள் எனக்கும் லீவு மாதிரிதான் இருந்தது. இதெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

போன வாரம் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, விடாமல் திருகினீர்களா என்று டாக்டர் கேட்டார். அஷ்டமி நவமி தவிர ஒரு நாள் விடவில்லை என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். கீ கொர்லேன் மாஷிமா, என்ன செய்துவிட்டீர்கள், எங்கள் துர்கா பூஜையில் அஷ்டமிதானே பெரிய நாள் என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. விட்டு விட்டுத் திருகியதில் புது எலும்பு பாதி வழியிலேயே கெட்டியாகிவிட்டது, கொஞ்ச நாளாக நட்டு முரண்டு பிடித்ததற்கும் அதுதான் காரணம். மறுபடி வெட்டி மறுபடி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆஸ்பத்திரி சொன்னபடி எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளலாம், இரண்டும் தப்பில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன் மாதங்கி, எனக்கு இந்தக் கால் வேண்டாம். சித்திரையிலிருந்து இந்தக் கட்டிலும் இந்த ஜன்னலும்தான். கீழே பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறார்கள், அதன் நுனிதான் எனக்குத் தெரிகிறது. புரண்டு படுக்க முடியாது, வேட்டி வளையத்தில் மாட்டிக்கொள்கிறது, கம்பி போகிற ஒவ்வொரு துளையையும் தினமும் துடைத்தாக வேண்டும். எடுத்துவிட்டால் அடுத்த கோடைக்குள் ஜாதவ்பூர் வரை நடந்துவிடுவேன். எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் வீடு திரும்பியதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் உங்க காலைக் கெடுத்துட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இந்தக் கால் போனால் டாக்டர் எடுத்ததாக அவள் நினைக்க மாட்டாள், தான் எடுத்ததாகத்தான் கடைசி வரை நினைப்பாள். அதனால் மறுபடி வெட்டுங்கள், எனக்குக் கால் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தே அதே கூண்டுக்குள் போகிறேன். கோபம் கோபமாக வருகிறது, யாரிடம் காட்டுவது சொல்.

திங்கட்கிழமை ஆபரேஷன். நம் தெருப் பாடா கிளப் பையன்கள் நாற்காலியோடு என்னை மூன்று மாடியும் இறக்குவார்கள். பூஜைக்கு முன்னாலேயே மேஷோவுக்கு விசர்ஜனமா, மாமாவை ஆற்றில் கரைக்கவா என்று போன தடவை ஒரே சிரிப்பு. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை எட்டு மணி! மாம்பலத்துக் காலண்டருக்கும் ராகுகாலம், கொல்கத்தா சூரியனுக்கும் ராகுகாலம். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு நேரம் கேள் என்று மனசுக்குள் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவளோ, எட்டு மணியே சௌகரியம், ரோட்டில் கூட்டம் இருக்காது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். பஸ் இடித்த அன்றுகூட அழாதவன், நேற்று அழுதேன்.

அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் கேட்காதே. நான் ஆசைப்பட்டுத்தான் காலை வைத்துக்கொண்டேன் என்று அவள் நம்பட்டும். பனியில் பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு நட, அவசரப்படாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நடக்க வேண்டும்.

உன் அன்புள்ள அப்பா,
சந்தானம்

பி.கு.: அடுத்த வருஷத்துக் காலண்டரைப் பெரியம்மாவிடம் நீயே சொல்லி அனுப்பச் சொல். இந்தத் தடவை இவளாகக் கேட்க மாட்டாள்.