சட்டைப்பையில் ஒரு அச்சு வெல்லம்

மாப்ள,

என் சட்டைப்பையில் ஒரு அச்சு வெல்லம் கிடக்கிறது. மதியம் பட்டறையில் புகைக்குழாய் அடைத்துத் திராவகப் புகை உள்ளேயே திரும்பி நான் இருமியதும், பக்கத்துக் கடை அண்ணன் ஓடிவந்து கையில் திணித்தார். "வாயில போடுங்க, நெஞ்சுல உள்ளத அறுத்துக்கிட்டு வந்துரும்." வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். உன் ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது.

பழங்காநத்தத்தில் நாம் பழைய நகை சுத்தம் பண்ணும் பட்டறை போட்ட நாள்முதல் அதுதானே நம் வைத்தியம். நைட்ரிக் திராவகத்தில் செம்பும் வெள்ளியும் கரையும், தங்கம் அடியில் நிற்கும், செங்காவி நிறத்தில் புகை கிளம்பும். புகை ஏறினால் வெல்லம். யார் சொல்லிக்கொடுத்தது என்றுகூட நாம் கேட்டதில்லை.

உன் கடைசி நாளன்றைக்குச் செம்பு மிகுந்த சரக்கு, புகையும் அதிகம். கொதிக்கும்போது கரண்ட் போய் ஃபேன் நின்றது. நீ பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே நடந்து பின்வாசலில் வைத்தாய். நன்றாக இருமினாய். வெல்லம் தின்றாய், டீ குடித்தாய். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றதற்கு என்னைக் கேலி பண்ணினாய்.

"இம்புட்டுப் புகைக்கு ஆஸ்பத்திரியா? இருமல்தான் நின்னுருச்சே. காலையில வாரேன்."

திருமங்கலம் பஸ்ஸில் ஏறிக் கையாட்டினாய். விடியுமுன்னே உன் வீட்டுக்காரி போனில் அழுதாள். "மூச்சு முட்டுதுன்னு எந்திரிச்சாருண்ணே..." நான் வந்து சேர்வதற்குள் உன்னைத் துணியால் மூடியிருந்தார்கள். பஸ்ஸில் ஏறிப்போன ஆளை இப்படியா பார்ப்பது? எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

செம்பைக் கரைக்கிற திராவகமே உருமாறி அந்தப் புகையாகிறது, நெஞ்சு ஈரத்தில் பட்டதும் திரும்பத் திராவகமாகிறது என்றார் அன்றைக்கு உன்னைப் பார்த்த டாக்டர். இருமல் நின்று ஆள் தெளிவாக இருக்கும்போதே நுரையீரலில் மெல்ல நீர் கோத்துவிடுமாம். "வெல்லம் போற வழி வேற, புகை போற வழி வேற" என்றார். நீ டீக்கடையில் சிரித்துக்கொண்டிருந்தபோதே அது உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லையே மாப்ள.

இன்றைக்கு என் இருமலும் நின்றது. "இருமல்தான்..." என்று அண்ணனிடம் ஆரம்பித்தவன், பாதியில் பயந்துபோய், "ஆட்டோவக் கூப்பிடுங்கண்ணே" என்றேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலைவரை வைத்துப் பார்க்க வேண்டுமாம். "நல்லாத்தான இருக்காரு, எதுக்கும்மா பெட்டு?" என்று என் வீட்டுக்காரி நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நல்லாத்தான் இருக்கிறேன். அன்றைக்கு இந்நேரம் நீயும் நல்லாத்தான் இருந்தாய்.