லீவில் இருப்பவர்களைக் கூப்பிட வேண்டாம்

ஸ்கூடாய்

அன்புள்ள அப்பாவுக்கு யோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. சுங்கை சிப்புட்டில் ஓயாத மழை என்றார்கள். உங்கள் இருமல் தேவலையா? போனில் பேசினால் காதில் விழவில்லை என்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

தாதியர் பயிற்சிக்கு இடம் கூட்டுங்கள், வார்டுக்கு ஆள் தாருங்கள் என்று சங்கத்தின் சார்பில் எழுதிக்கொண்டே இருந்தேன் அல்லவா? போன வாரம் சுகாதார அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி நேரிலேயே பார்க்க வந்தார். பெரிய ஆட்கள் வந்தால் லீவில் இருப்பவர்களையும் கூப்பிட்டு வார்டை நிறைத்துக் காட்டுவது எங்கள் வழக்கம். இந்த முறை வேண்டாம் என்று மேட்ரனிடம் மன்றாடினேன். முறைத்தார், பிறகு விட்டுவிட்டார்.

வந்தவரை வரவேற்கக்கூட எங்களுக்குக் கை ஒழியவில்லை. நோயாளி பேச்சியம்மாள் அவரை ஆஸ்பத்திரி ஊழியர் என்று நினைத்து, "தம்பி, கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடுங்க" என்றார். பாவம், அவரும் எடுத்துக் கொடுத்தார்!

போகும்போது, "மிஸ்ஸி, எப்பவும் இப்படித்தானா?" என்று என்னிடம் கேட்டார்.

"இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புத்ராஜெயாவில் அமைச்சின் தலைமையகத்துக்கே வந்து இதையே பேசச் சொல்லியிருக்கிறார். என் வேலைக்கு ஒன்றும் வராது, பயப்படாதீர்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

அம்மாவின் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கடைத்தூளில் வைக்கும் குழம்பு, ஒருத்திக்கு என்று கொஞ்சமாக வைத்தாலும் மிஞ்சிவிடுகிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. தீபாவளிக்கு வருவாயா என்று கேட்டிருந்தீர்கள். என் இடத்தில் நிற்க ஓர் ஆள் கிடைத்தால் வருவேன். அந்த ஆளைத்தான் அப்பா, நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
யோகேஸ்