ஆறு டப்பா செப்புக் காசு

அன்பு மருமகளுக்கு,

மூன்று வருஷமாகப் பேசாதவள் ஒரே வரி எழுதியிருக்கிறாய்: "செப்புக் காசு சேர்த்தா லாபமா மாமா? உங்களுக்குத்தானே தெரியும்!" குத்தல் புரிகிறது.

பஸ் கண்டக்டராக இருந்தபோது பையில் விழுந்த செப்புக் காசையெல்லாம் என் சில்லறையைப் போட்டு மாற்றிக்கொண்டவன் நான். ஆறு டப்பா! அதை வாங்க ஒரு வெளிநாட்டுக்காரன் காரில் வந்து என் வாசலில் தவம் கிடந்தான். சரி, கார் இல்லை, சைக்கிள். ஆளும் பழைய சாமான் வியாபாரிதான். காசெல்லாம் பளபளக்கட்டும் என்று நான் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். "தேய்ச்சுக் கெடுத்துட்டீங்களேண்ணே! இனிமே எடைக்குத்தான். ஒரு மாச வாடகைக்குக்கூட வராது" என்றான்.

மறுவாரம்தான் உன் அம்மா தன் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டு வந்து நின்றாள். "தம்பி, அந்தக் காசை வித்துக் குடுடா."

"இன்னும் விலை ஏறட்டும்க்கா" என்றேன்.

தம்பி கஞ்சன் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். முட்டாள் என்று தெரிவதைவிட அது மேல் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

லாபமில்லை, சேர்க்காதே. டப்பாக்களை வந்து எடுத்துக்கொள். தெருவில் மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. இங்கே என்னை இன்னும் கஞ்சன் என்றுதான் நம்புகிறார்கள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்