ஹீட்டர் ரசீதில் என் பெயர் இருக்கும் குற்றம்

அனுப்புநர்:
ஆலைக் கொதிகலனுக்குக் கரி தள்ளி ஓய்வு பெற்றவர்,
நான்காம் சந்து, கடைசி வீடு.

பெறுநர்:
வரிச்சலுகைப் பிரிவு உயர் அதிகாரி அவர்கள்,
வருமான வரி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஹீட்டருக்கு வரிச்சலுகை மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தட்டச்சுக் கடைக்காரர் அடித்தது இது. எழுதி வைக்க வழியில்லாததால் நான் எதையும் மறப்பதில்லை.

2. என் மனைவிக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. இனி வீட்டுக்குள் கரிப்புகையே கூடாது என்றார் டாக்டர். சென்ற ஆண்டு குளிர் தொடங்குமுன் கரியடுப்பைத் தூக்கிக் கொல்லையில் போட்டுவிட்டு ஹீட்டர் வைத்தோம். பாதி விலையை என் மகன் கட்டினான். மீதி, சலுகைப் பணம் வந்ததும் என்று பேச்சு. பில் யார் பேரில் என்று கடைக்காரர் கேட்டார். "அப்பா இருக்கும்போது என் பேர்லயா? அவர் பேர்லயே போடுங்க" என்றான். சைக்கிள் முதல் ஃப்ரிட்ஜ் வரை எங்கள் வீட்டில் எல்லாம் என் பெயரில்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

3. தங்கள் அலுவலகத்துக்கு இன்றோடு நான்கு முறை வந்துவிட்டேன். முதல் முறை செவ்வாய்க்கிழமை, மூன்றாம் ஜன்னல். "பெரியவரே, நீங்க வரியே கட்டலையே, எதுல இருந்து கழிக்கிறது?" என்றார் எழுத்தர். சரியென்று மகனை அழைத்து வந்தேன். அவன் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் மாதாமாதம் சம்பளத்திலேயே வரி பிடிக்கிறார்கள். "வரி கட்டறீங்க சார், பில்லுல உங்க பேர் இல்லையே!" என்றார் அதே எழுத்தர். கடையில் போய்க் கேட்டால், போன வருஷ பில்லை மாற்ற முடியாதாம். மூன்றாம் முறை எனக்கு முன்னால் நின்ற பல் டாக்டர், இரண்டாவது மின்சாரக் காருக்குச் சலுகை வாங்கிக்கொண்டு சாவியைச் சுழற்றியபடி போனார். முதல் காரும் நன்றாக ஓடுகிறதாம். அவரே சொன்னார்.

4. முப்பதாம் தேதிக்குள் மீதி கட்டாவிட்டால் ஹீட்டரைக் கழற்றக் கடையிலிருந்து ஆள் வரும். மகன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மனைவி மட்டும் பேசுகிறாள்: "என் சாவுச் சீட்டையாவது என் பேர்லயே வாங்குங்க."

5. பணம் கட்டியது மகன் என்பதற்கு வங்கிச் சீட்டு இணைத்துள்ளேன். அவன் வரியில் கழித்துத் தர வேண்டுகிறேன். 'பணிவுடன்' என்று தட்டச்சுக்காரர் சேர்த்திருந்தார்; எடுக்கச் சொன்னேன். முடியாதென்றால் வாயால் சொல்லி அனுப்பாமல், தாளில் எழுதித் தங்கள் கையெழுத்தோடு கொடுங்கள். கரியடுப்பை மறுபடி மூட்டும் அன்று, யார் மூட்டச் சொன்னது என்று மகனை விட்டு அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

இடம்: தங்கள் அலுவலகப் படிக்கட்டு
நாள்: 12, வியாழன்

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)