நெஞ்சோடு பிடித்த சீட்டு

மச்சான், இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது நம்முடைய சீட்டுக்கட்டு அகப்பட்டது. திறந்தவுடன் பவுடர் வாசம். வாவிக் காற்றின் ஈரத்தில் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்று, குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவி வைப்பாயே, அதே வாசம். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நீ இருந்திருந்தால் கேலி பண்ணியிருப்பாய்.

மாவட்டக் கச்சேரி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பின்னேரங்களில் உன் வீட்டு விறாந்தையில் முந்நூற்றுநாலு சீட்டாட்டம் ஆடினோம். நீயும் நானும் எப்போதும் ஒரே பக்கம். ஆட்டத்துக்கு நடுவே, ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததை எடுத்துவிடுவாய். ஒரு வங்கி வட்டியைக் கூட்ட, மற்ற வங்கிகளும் 'ஃபலோ சூட்' செய்தன என்று இருந்தால், அது சீட்டாட்டப் பேச்சு என்பாய். முதலில் இறங்கிய இனத்தையே மற்றவர்களும் போடவேண்டும் அல்லவா, அதிலிருந்து வந்ததாம். ஒளிவுமறைவில்லாததை 'அபவ் போர்ட்' என்பதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாய். போர்ட் என்றால் பழைய ஆங்கிலத்தில் மேசை. கை மேசைக்கு மேலே தெரிந்தால் கள்ள ஆட்டம் ஆட முடியாது. எதிர்ப்பக்கம் ஆடுபவர்கள் பொறுமையிழந்து, "சீட்டப் போடுங்க ஐயா, பாடம் பிறகு" என்பார்கள்.

மனதில் இருப்பதை வெளியே விடாதவனை, சீட்டை நெஞ்சோடு பிடித்திருப்பவன் என்பார்களாம் ஆங்கிலத்தில். அதை நீ சொல்லும்போதே உன் கைச்சீட்டு எல்லோருக்கும் தெரியும்படி சரிந்திருக்கும். துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தாலும் அது என்னவென்று உன் முகமே காட்டிக்கொடுக்கும். நாம் தோற்றதெல்லாம் உன்னால்தான்.

அப்படிப்பட்ட நீ, இனி வைத்தியம் இல்லை என்று கொழும்பில் டொக்டர் சொன்னதை என்னிடம் மறைத்தாய். வயிற்றுப்புண் என்றாய். சட்டை தொளதொளத்தபோது, சோற்றைக் குறைத்துவிட்டேன் என்றாய். உன் மனைவிதான் காத்தான்குடிக் கடைத்தெருவில் என்னைக் கண்டு உண்மையைச் சொல்லி அழுதார். நீ அவரிடம் சொல்லிவைத்ததையும் சொன்னார்.

"அவனுக்குச் சொல்லிராத. தெரிஞ்சா சீட்டப் பாக்கமாட்டான், என்ட முகத்தத்தான் பாத்துட்டு இருப்பான்."

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அன்று பின்னேரமே வந்தேன். உன் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தேன். நீ பிழையாக ஆடியதற்கு வழக்கம்போல ஏசினேன். நீ சிரித்தாய். உன்னால் எழுந்து உட்கார முடிந்தவரை அப்படியே ஆடினோம்.

எனக்குத் தெரியும் என்பது தெரியாமலே போய்விட்டாய். நீ விரும்பியபடிதான் நடந்துகொண்டேன், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் விடைபெற்றுக்கொள்ள நமக்கு எத்தனையோ பின்னேரங்கள் இருந்தன, மச்சான். சொல்ல வேண்டியதெல்லாம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?