முதலைக்குச் சாட்சி

அன்புள்ள அக்காவுக்கு,

அகில உலகப் பொய் ஒழிப்புப் பேராசிரியனான உன் தம்பி வணங்கி எழுதுவது. நான் நலம், உன் முட்டிவலி எப்படி? யாரும் நம்பாத கதை ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன்.

நூலகத்தில் பெரியவர்களுக்கு, போனில் வரும் சேதியைச் சரிபார்க்கக் கற்றுத் தருகிறேன் அல்லவா? பாடம் ருசிக்கட்டும் என்று, சின்ன வயதில் வெள்ளத்தில் முதலைமேல் ஏறிப் போய் உன் செருப்பை மீட்டேன் என்றேன்.

வகுப்பில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் எழுந்தார். “யார் பாத்தாங்க சார்?”

“எங்க அக்கா.”

“அப்ப அவங்களையே கேட்டுடுவோம். நம்பர் குடுங்க.”

நான் நடத்திய பாடம் என்மேலேயே பாய்ந்தது. ஞாயிறன்று வகுப்பே உன்னை அழைக்கும். என் மானம் உன் நாக்கில். சட்டென்று போனை வைத்துவிடாதே. உன் குரல் கேட்டு நாளாயிற்று.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. முதலை பொய்தான் அக்கா. “செருப்பு போனா போகுது, நீ வாடா” என்று கரையில் நின்று நீ அழுதது மட்டும் நிஜம்.

உன் தம்பி